பிந்தி வருபவர்களின் நாள்

முப்பத்திரண்டு வயதில் ஒருத்தி ‘ஓய்வு பெறுகிறேன்’ என்று சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரும். எங்கள் கோயில் பங்கிலும் வந்தது. போன ஞாயிறு பூசை முடிந்ததும் ரீற்றா அன்ரி வாசலில் வைத்து, “பென்ஷன் எவ்வளவு பிள்ளை வரும்?” என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். வேறொன்றுமில்லை, நான் ஸ்காபரோவை விட்டு அஜக்ஸுக்கு வீடு மாறுகிறேன். ஒவ்வொரு செவ்வாய் பின்னேரமும் 401 நெடுஞ்சாலையில் ஊர்ந்து வந்து வகுப்புக்குப் பிந்துவது எனக்கும் சரியில்லை, வகுப்புக்கும் சரியில்லை. ஆகவே வளர்ந்தவர்களை ஞானஸ்நானம் என்கிற திருமுழுக்குக்கு ஆயத்தம் செய்கிற இந்த வேலை இனி உங்களுடையது.

பாடத்திட்டம் கணினியில் இருக்கிறது. எண்ணெய்ச் சிமிழ் எந்த அலுமாரியில், மண்டபத் திறப்பு யாரிடம், வெள்ளைச் சால்வைகளை யார் தோய்த்துத் தருவார் என்பதெல்லாம் ஒரு மாதத்தில் உங்களுக்குப் பழகிவிடும். அவற்றைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை. எழுத நினைப்பது வேறு. ஒருநாள் உங்கள் தொலைபேசி அடிக்கும். கேட்பவருக்குப் பின்னால் யாரோ காத்துக்கொண்டு நிற்பார்கள். கேள்வி பாடத்திட்டத்தில் இராது. பதில் உடனே வேண்டும். அந்த நேரத்தைப் பற்றித்தான் இது.

என்னைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பல்கலைக்கழகத்தில் ஆதித் திருச்சபை வரலாறு படித்தவள். கணக்கியல் படித்திருந்தால் வீட்டை ஸ்காபரோவிலேயே வாங்கியிருக்கலாம் என்பது அப்பாவின் கருத்து. எனக்கு முதல் சில நூற்றாண்டுகளின் மேல் ஒரு பைத்தியம். வகுப்பில் எதைத் தொட்டாலும் “ஆதிகாலத்தில்…” என்றுதான் தொடங்குவேன். வகுப்பில் இருந்தவர்கள் எனக்கு வைத்த பெயரே ‘ஆதிகாலம்’. நான் படியேறும்போதே, “ஆதிகாலம் வருது, கதிரையை இழு” என்று உள்ளே சத்தம் கேட்கும்.

அந்தப் பெயரை வைத்தவர் யசோ அக்கா. டோர்செட் பார்க் பகுதியில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருப்பவர். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்தில் பிறந்து, மன்னார்க் கத்தோலிக்கரான ரெஜி அண்ணையைக் கட்டியவர். அவரைத் திருமுழுக்குக்கு ரெஜி அண்ணை தள்ளினாரோ என்று நீங்கள் கேட்கக்கூடும். ரெஜி அண்ணையைக் கோயிலுக்குத் தள்ளுவதே யசோ அக்காதான். “நான் நத்தாருக்கும் பெரிய வெள்ளிக்கும் கட்டாயம் வருவன். நடுவிலை இவதான் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போறவ” என்று ரெஜி அண்ணை பெருமையாகச் சொல்வார்.

ஆதிக் கிறிஸ்தவர்கள் திருமுழுக்கு நாளில் மேற்கே பார்த்து நின்று சாத்தானை மறுத்து, பிறகு கிழக்கே திரும்பிக் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார்கள் என்று நான் ஒருநாள் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தேன். யசோ அக்கா கையைத் தூக்கினார்.

“பிள்ளை, எங்கடை மண்டபத்திலை மேற்கு எந்தப் பக்கம்?”

யோசித்து, கார் நிறுத்துகிற பக்கம் என்றேன்.

“அப்ப கணக்குச் சரி. சாத்தான் உங்கைதான் நிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாரும், இடம் பிடிக்கிறதுக்கு நடக்கிற சண்டையை.”

தண்ணீரிலிருந்து ஏறியவர்களுக்குச் சில இடங்களில் பாலும் தேனும் கலந்து கொடுத்தார்கள் என்று சொன்னபோதும் அவர்தான். “பாலும் தேனுமோ? அதை நாங்கள் பிள்ளையாருக்கு ஊத்துறனாங்கள். பரவாயில்லை, பழக்கமான சாமான்தான்.”

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவர் ஒரேயொரு பாடத்தில்தான் சிரிக்கவில்லை. ஆதிகால வழிபாடு இரண்டு பகுதியாக இருந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வாசகமும் பிரசங்கமும் எல்லோருக்கும். அது முடிந்ததும், இன்னும் திருமுழுக்குப் பெறாதவர்களை ஆசீர்வதித்து வெளியே அனுப்பிவிடுவார்கள். அதன் பிறகுதான் அப்பமும் திராட்சை இரசமும். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே நிற்பவர்களுக்குச் சொல்லக்கூட மாட்டார்கள். ஆனால் வெளியே நின்றாலும் அவர்கள் அந்நியர் இல்லை, வீட்டு ஆட்கள்தான். கிறிஸ்தவர்கள் என்ற பெயர்கூட அவர்களுக்கு அப்போதே உண்டு.

“அது நல்ல பழக்கம்” என்றார் யசோ அக்கா. “வெளியிலை நிக்கிறது சுகம். நான் மூத்தவன் பிறந்த நாளையிலையிருந்து உள்ளை இருக்கிறன். நற்கருணை அப்பம் வாங்க எல்லாரும் எழும்பிப் போவினம். நான் வாங்கிலை முழங்காலை ஒதுக்கி ஒதுக்கி வழி விடுவன். போகேக்கை ஒருக்கா, வரேக்கை ஒருக்கா. பிள்ளையளுக்கும் வழி விட்டாச்சு. இனி நானும் ஒருநாள் எழும்பிப் போகோணும், பிள்ளை. அவ்வளவுதான் என்ரை ஆசை.”

அருளடையாளங்கள் பற்றி நான் படித்த எந்தப் பக்கமும் இவ்வளவு நேராக என்னோடு பேசியதில்லை. தண்ணீரும் எண்ணெயும் அப்பமும் அந்தக் காலத்து மக்களுக்குக் கொள்கை விளக்கங்களாக இருக்கவில்லை. எங்கே நிற்கிறாய், யாரோடு சாப்பிடுகிறாய் என்பதாகத்தான் இருந்தன. யசோ அக்காவுக்கும் அதேதான்.

தவக்காலம் பாதியைத் தாண்டியிருந்தது. ஈஸ்ரருக்கு ஆறு பேர் ஆயத்தமாக இருந்தார்கள். அப்போதுதான் அந்தத் தொலைபேசி வந்தது.

நான் வேலையிடத்தில் இருந்தேன். யசோ அக்காவின் பெயரைப் பார்த்ததும் எழுந்து மாடிப்படிக்குப் போனேன். மல்வேர்னில் அண்ணன் வீட்டில் இருந்த அவருடைய அம்மா இரண்டு நாளைக்கு முன்பு இறந்துபோயிருந்தார். அது எனக்குத் தெரியும். உடலைப் பார்வைக்கு வைத்த மண்டபத்திலிருந்துதான் இப்போது பேசுகிறார்.

“பிள்ளை, கிரியை முடியப்போகுது. பொம்பிளையளை வாய்க்கரிசி போடக் கூப்பிடுகினம். நான் போடலாமோ?”

என் வாய் தானாகவே திறந்தது. “அக்கா, ஆதிகாலத்திலை இப்பிடியான சடங்குகளை…”

“பிள்ளை.” இடையில் வெட்டினார். “அண்ணை கதவடியிலை நிக்கிறார். ஓமோ, இல்லையோ?”

படியில் நின்ற எனக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது. பங்குச் சுவாமியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அது பாதுகாப்பான பதில். ஆனால் சுவாமியிடம் கேட்டு முடிக்குமுன் பெட்டியை மூடிவிடுவார்கள். விக்கிரக ஆராதனை என்றால் மறுக்கத்தான் வேண்டும். இது அதுவா? தனக்குச் சோறூட்டிய ஒருத்தியின் வாயில் மகள் கடைசியாக ஒரு பிடி அரிசி போடுகிறாள். வேறென்ன?

“போடுங்கோ அக்கா” என்றேன்.

நன்றிகூடச் சொல்லாமல் வைத்துவிட்டார். அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

ரீற்றா அன்ரிக்கு அந்த நிம்மதி இருக்கவில்லை. ரீற்றா அன்ரி தீவுப்பகுதிக் கத்தோலிக்கர். பரம்பரைக் கத்தோலிக்கம். யசோ அக்காவின் ஞானத்தாயாக நிற்கச் சம்மதித்தவர். விசயத்தைக் கேள்விப்பட்டு அன்று பின்னேரமே என்னைப் பிடித்தார்.

“சுவாமியைக் கேட்டனியோ?”

“இல்லை அன்ரி. நேரமில்லை.”

“நேரமில்லையெண்டால் இல்லையெண்டு சொல்லுறது. ஓமெண்டு சொல்லுறதுக்கு மட்டும் எங்காலை நேரம் வந்தது?”

நான் சுவாமியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். எங்கள் சுவாமியை உங்களுக்குத் தெரியும். எதையும் ஆறப்போட்டு யோசிப்பவர். தாடியைத் தடவிக்கொண்டார். “நானும் அதைத்தான் சொல்லியிருப்பன்” என்றார். “ஆனா மூண்டு நாள் யோசிச்சுப்போட்டுச் சொல்லியிருப்பன்.”

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். தொடக்கமே அதுதான்.

அடுத்த செவ்வாய் யசோ அக்கா வகுப்புக்கு வந்தார். வகுப்புக்குள் வராமல் மண்டபத்துச் சமையலறையில் நின்றார். நானும் ரீற்றா அன்ரியும் போனோம்.

“அண்ணை சொல்லுறார், துடக்குக்குள்ளை ஞானஸ்நானம் வேண்டாமாம்.”

சைவ வீடுகளில் மரணத் துடக்கு, அதாவது தீட்டு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை வரைக்கும். அதுவரைக்கும் கோயிலில்லை, நல்ல காரியம் எதுவுமில்லை, வீட்டில் மரக்கறிச் சாப்பாடு. அந்தியேட்டிக்கு முதலே ஈஸ்ரர் வருகிறது. அதற்குள் யசோ அக்கா புது வெள்ளையுடுத்தித் தண்ணீருக்குள் இறங்கினால், அந்தியேட்டியில் அம்மாவின் மகளாக எப்படி வந்து நிற்பாள் என்பது குகன் அண்ணனின் கேள்வி. குடும்பத்தில் ஒரே ஆண்பிள்ளை அவர்தான். மல்வேர்ன் பக்கத்துக் கோயிலொன்றின் நிர்வாக சபையிலும் இருக்கிறார்.

“அதைவிட இன்னொண்டு சொன்னார்” என்றார் யசோ அக்கா. “அம்மா எப்ப கண்ணை மூடுவா எண்டு பாத்துக்கொண்டு இருந்தவள் எண்டு சனம் சொல்லுமாம். அவர் சொல்லேல்லையாம், சனம் சொல்லுமாம்.”

“உது சாத்தான்ரை வேலை” என்றார் ரீற்றா அன்ரி. “கரையிலை வந்து நிக்கேக்கை இழுக்கிறது. யசோ, நீ பின்வாங்கினால் பிறகு வரமாட்டாய். நான் கனபேரைப் பாத்திட்டன்.”

ரீற்றா அன்ரி சொன்னது வீண்பேச்சில்லை. அதற்கு முந்தைய வருடம் ஒருவர், வேலை மாறுகிறது, கொஞ்சம் தள்ளிப்போடுவோம் என்று ஈஸ்ரருக்கு முதல் வாரம் சொன்னார். நல்ல மனிதர். அதன் பிறகு எங்கள் வாசலை மிதிக்கவேயில்லை. தள்ளிப்போடுவது என்றாலே எனக்கு அவர்தான் நினைவுக்கு வருவார்.

“அன்ரி சொல்லுறதும் சரி, அண்ணை சொல்லுறதும் சரி” என்றார் யசோ அக்கா. “ரெண்டு பேரும் சரியெண்டால் நான் எங்கை போய் நிக்கிறது?”

நான் ஒரு கேள்விதான் கேட்டேன். இதை மட்டும் ஞாபகம் வைத்திருங்கள்: பதில் சொல்ல முதல் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

“அக்கா, உங்களுக்கு என்ன வேணும்?”

“எனக்கு ஈஸ்ரரும் வேணும், அண்ணையும் வேணும்” என்று சிறுபிள்ளை மாதிரி அழுதார்.

இரண்டையும் தர என்னால் முடியாது. ஆனால் அந்த அழுகைக்கு நடுவில் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. இந்த முறை ‘ஆதிகாலத்தில்’ என்று தொடங்காமல் சொல்ல முயன்றேன், முடியவில்லை.

“அக்கா, ஆதிகாலத்திலை ஈஸ்ரருக்கு ஞானஸ்நானம் எடுக்க ஏலாமப்போனவைக்கு இன்னொரு நாள் வைச்சிருந்தவை. பெந்தகோஸ்து. ஈஸ்ரரிலையிருந்து ஐம்பதாம் நாள். அந்த ஐம்பது நாளையும் ஒரே பெருநாளாத்தான் கொண்டாடினவை. தொடக்கத்திலை வந்தாலும் முடிவிலை வந்தாலும் அதே பெருநாள், அதே தண்ணி.”

யசோ அக்கா மூக்கைத் துடைத்தார். “உது இப்ப எனக்காக உண்டாக்கின கதையோ?”

“இல்லை அக்கா. மெய்யாத்தான்.”

“அப்ப என்னைப்போலை பிந்தின ஆக்கள் அந்தக் காலத்திலையும் இருந்திருக்கினம்.”

“கனபேர் இருந்திருக்கோணும். இல்லாட்டி ஏன் ஒரு நாளை ஒதுக்கி வைக்கினம்?”

ரீற்றா அன்ரி தேத்தண்ணிக் கேத்திலைப் படாரென்று வைத்தார்.

வரலாறு படித்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பழைய காலத்தைத் தடியாக எடுத்து இந்தக் காலத்தை அடிப்போம். அன்றைக்குத்தான் எனக்கு அது களஞ்சியம் மாதிரித் தெரிந்தது. எங்களுக்கு முதலே நெருக்கடிப்பட்டவர்கள் எங்களுக்கென்று எதையோ எடுத்து வைத்திருக்கிறார்கள். தேடினால் கிடைக்கிறது.

சுவாமியிடம் சொன்னேன். மூன்று நாள் கழித்து ஓம் என்றார்.

மிச்சமிருந்தது குகன் அண்ணன். “நான் போய்ச் சொன்னால் சமாளிக்கிறன் எண்டு நினைப்பார். நீர் ஒருக்கா கதையும் பிள்ளை” என்று யசோ அக்கா கேட்டார். சனிக்கிழமை பின்னேரம் மல்வேர்னுக்கு பஸ் எடுத்தேன். போவதற்கு முதல் யசோ அக்கா இன்னொன்றும் சொல்லியிருந்தார். தான் வகுப்புக்குப் போவது அம்மாவுக்குத் தெரியும். அம்மாதான் அண்ணனிடம் மறைத்தவர். “அண்ணைக்கு இப்ப அதைச் சொன்னால் அம்மாவிலை கோவம் வரும். செத்தவவோடை கோவிச்சால் யார் சமாதானப்படுத்துறது?” என்றார்.

வரிசை வீடு. வரவேற்பறையில் அம்மாவின் படம், பக்கத்தில் விளக்கு. குகன் அண்ணன் கதவைத் திறந்து என்னைப் பார்த்தார். திருநீறு, சவரம் செய்யாத முகம்.

“நீர்தான் அந்த ஆதிகாலமோ? நான் ஒரு கிழவியை எதிர்பாத்தன்.”

“ஓம் அங்கிள்.”

“ஆள் பிடிக்கிற கோஷ்டி வீடுவரைக்கும் வந்திட்டுது.”

“பிடிக்க வரேல்லை அங்கிள். விட்டுக்குடுக்க வந்தனான்.”

முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டார். “துடக்கு வீடு. தேத்தண்ணி குடிப்பீரோ?”

“குடிப்பன்.”

அவரே ஊற்றிக்கொண்டு வந்தார். நான் விசயத்தைச் சொன்னேன். ஈஸ்ரருக்கு இல்லை. அந்தியேட்டி முடியட்டும். அதன் பிறகு பெந்தகோஸ்து.

“அப்ப நீங்களும் நாள் பாக்கிறனியள்” என்றார்.

“பாக்கிறம் அங்கிள். ராகுகாலம் மட்டும் பாக்கிறேல்லை.”

இப்போது சிரித்தேவிட்டார். சிரித்ததும் தனக்கே கோபம் வந்ததுபோலக் குரலை மாற்றினார். “அந்தியேட்டி என்ன அந்தியேட்டி? ஆட்டைத் திவசம் முடியட்டும். ஒரு வருசத்துக்கு எங்கடை வீட்டிலை ஒரு நல்ல காரியமும் இல்லை. அவளும் இந்த வீட்டுப் பிள்ளைதானே? துடக்கு எண்டால் உங்களுக்கென்ன விளையாட்டோ?”

என் நாக்கில் ஒரு பதில் இருந்தது. நல்ல பதில். ஆதிக் கிறிஸ்தவர்கள் இறந்தவர்களைத் தீட்டாகவே நினைத்ததில்லை. உடல்களைத் தொட்டுக் கழுவினார்கள். கல்லறைகளுக்குப் பக்கத்தில் கூடினார்கள், சாப்பிட்டார்கள், அங்கேயே அப்பத்தைப் பிட்டார்கள். சொல்லத் தொடங்கினால் கால் மணித்தியாலம் நிறுத்தாமல் சொல்வேன். விவாதத்தில் வென்றிருப்பேன். அந்த வெற்றியோடு பஸ் ஏறியிருப்பேன். யசோ அக்காவுக்கு அண்ணன் இல்லாமல் போயிருப்பார்.

தேத்தண்ணியோடு சேர்த்து விழுங்கினேன்.

“ஒரு வருசம் நில்லெண்டு நீங்கள் கேட்டால் அக்கா நிப்பா அங்கிள். ஆனா அது உங்களுக்காக நிக்கிறதா இருக்கும். அம்மாவுக்காக நிக்கிறது அந்தியேட்டி வரைக்கும்தான்.”

“அம்மாவைப் பற்றி உமக்கென்ன தெரியும்?” கண் சிவந்துவிட்டது. “அம்மா இருக்கேக்கை வாய் திறக்காதவள். அம்மா போன கையோடை போறாள். அம்மாவுக்கு இது தெரிஞ்சிருந்தால்…”

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரே வசனத்தில் அவர் வாயை நான் அடைத்திருக்கலாம். ‘அம்மாவுக்குத் தெரியும்.’ உண்மையும்கூட. ஆனால் அது என்னுடைய உண்மை இல்லை. இந்த வேலையில் மற்றவர்களின் வீட்டுச் சங்கதிகள் உங்கள் கைக்கு வந்துகொண்டே இருக்கும். அவசரத்துக்குக் கையில் அகப்படுவது பெரும்பாலும் அதுதான்.

“அம்மாவுக்குத் தெரியுமோ தெரியாதோ எண்டு அக்காவைக் கேளுங்கோ அங்கிள். என்னைக் கேக்காதேங்கோ.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பிப் படத்தைப் பார்த்தார். கோப்பையை நானே சமையலறையில் வைத்துவிட்டு வந்தேன். ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. பஸ் வர நேரம் எடுத்தது. ஆரம்பத்திலேயே சொன்னேனே, எனக்குப் பொறுமை குறைவு. அந்த நிறுத்தத்தில் நின்றபோது எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஈஸ்ரர் வந்தது. மற்ற ஐந்து பேரும் திருமுழுக்குப் பெற்றார்கள். ஞாயிறு காலைப் பூசைக்கு அவர்கள் வெள்ளைச் சால்வையோடு முன்வாங்கில். யசோ அக்கா வழக்கமான இடத்தில். துடக்கோடு கோயிலுக்குப் போகக்கூடாது என்று அண்ணன் சொன்னதைக் கேட்டு முதல் இரண்டு ஞாயிறும் அவர் வரவில்லை. அன்று வந்துவிட்டார். “வெளியிலை நிக்கத்தான் வந்தனான். குளிருது” என்றார்.

நற்கருணை நேரம் வந்தது. நான் பாட்டுக்குழுவுக்குப் பக்கத்தில் நின்று அந்த வாங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரெஜி அண்ணை எழுந்தார், பிள்ளைகள் எழுந்தார்கள். யசோ அக்கா முழங்காலை ஒதுக்கினார். அந்தப் பக்கத்தில் இருந்த ரீற்றா அன்ரி எழும்பவில்லை. வாழ்நாளில் ஒரு ஈஸ்ரருக்கும் வாங்கில் தங்கியிராத ரீற்றா அன்ரி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். முழுக்கோயிலும் பார்த்தது.

பூசை முடிந்ததும், “ஏன் அன்ரி போகேல்லை?” என்று கேட்டேன்.

“நான் விடியப் பூசையிலை எடுத்திட்டன்.”

“அப்ப ஏன் இந்தப் பூசைக்கு வந்தனீங்கள்?”

“வரக்கூடாதோ? உன்ரை கோயிலோ?”

ஆதிகாலத்தில் திருமுழுக்குப் பெறுகிறவரோடு சேர்ந்து மற்றவர்களும் நோன்பிருந்தார்கள் என்று வகுப்பில் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். பின்வரிசையில் இருந்து ரீற்றா அன்ரி தூங்குகிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்தியேட்டிக்கு நான் போகவில்லை. நடந்ததை யசோ அக்கா அடுத்த செவ்வாய் சொன்னார். கிரியை முடிந்து, ஐயர் போய், சாப்பாட்டுக்குச் சனம் வர முதல், அண்ணன் அவரைப் பின்வளவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்.

“‘அம்மாவுக்குத் தெரியுமோடி?’ எண்டார். ஓம், சொன்னனான் எண்டன். ‘என்ன சொன்னவ?’ எண்டார். சொன்னன்.”

“என்ன அக்கா சொன்னவ?”

“நான் சொன்னவுடனை அம்மா கேட்டது ஒண்டுதான். ‘உங்கடை அங்கை மரக்கறி நாள் இருக்கோ?’ எண்டு. பெரிய வெள்ளி இருக்கம்மா எண்டன். ‘ஒரு நாள்தானோ?’ எண்டு முகத்தைச் சுளிச்சா.” யசோ அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. “அதைச் சொல்ல அண்ணை விழுந்து விழுந்து சிரிச்சார். அம்மா மாதிரியே அந்த முகத்தைச் செய்து காட்டினார். பிறகு சிரிக்கேல்லை. ரெண்டு பேரும் உதிலையே நிண்டம், சாப்பாட்டு ஆக்கள் வந்து கூப்பிடுமட்டும்.”

“பெந்தகோஸ்துக்கு வருவாரோ?”

“கேக்கேல்லை. அதையும் கேட்டு ஆளைக் கரைச்சல்படுத்தக்கூடாது.”

பெந்தகோஸ்து ஞாயிறு நல்ல வெயில். கதவெல்லாம் திறந்திருந்தது. ஒருத்திக்காக மட்டும் திருமுழுக்குத் தொட்டியை நிரப்பினோம். ரீற்றா அன்ரி தோளைத் தொட்டுக்கொண்டு நிற்க, யசோ அக்கா குனிந்தார். சுவாமி மூன்று முறை தண்ணீர் வார்த்தார். தலை நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இருந்ததை எழுத எனக்குத் தெரியவில்லை. நனைந்த தலைமயிரோடு வெள்ளைச் சால்வையைப் போர்த்திக்கொண்டு முன்வாங்குக்குப் போனார்.

அப்போதுதான் கவனித்தேன். முன்வாங்கில், நடைபாதை ஓரத்தில், குகன் அண்ணன். எப்போது வந்தாரோ தெரியாது. பின்னால் நின்றவரை ரெஜி அண்ணை கையில் பிடித்து இழுத்துவந்து இருத்தியிருக்கிறார். சட்டையைக் கழுத்துவரை பூட்டி, நெற்றியில் திருநீற்றோடு, எல்லோரும் எழும்பும்போது எழும்பி, உட்காரும்போது ஒரு கணம் பிந்தி உட்கார்ந்துகொண்டிருந்தார். யசோ அக்கா அவரைத் தாண்டி உள்ளே போய் இருந்தார். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

நற்கருணைப் பாட்டுத் தொடங்கியது. புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்தான் முதலில் வரவேண்டும். யசோ அக்கா எழுந்தார். எழுந்து அப்படியே நின்றார். அத்தனை வருடமும் வழி விட்டவருக்கு வழி கேட்கத் தெரியவில்லை.

குகன் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். பிறகு முழங்கால் இரண்டையும் ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

“நீ போவன்” என்றார். “சனம் நிக்குது.”